பழைய ஏர் பாக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள்

(கோவையில் கார் மெக்கானிக்குகளும் வாகன உரிமையாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சின்னது. கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய இன்டேக் கிட்டைக் காரில் மாட்டுகிறோம். பளபளக்கும் அலுமினியக் குழாய், அதன் நுனியில் சிவப்புத் துணிக் கூம்பு. மாட்டிய அன்று சத்தம் கம்பீரமாகக் கேட்கிறது. கொஞ்ச நாளில் அதே வண்டி பட்டறை வாசலில் வந்து நிற்கிறது. "அண்ணா, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதுங்க." "முன்ன மாதிரி பிக்கப்பே இல்லீங்க." "செக் என்ஜின் லைட் அணையவே மாட்டேங்குதுங்க." இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்காத மெக்கானிக் இந்த அரங்கில் இருக்கிறாரா?

அப்படி வருகிற வண்டியை எங்கே தொடங்கிப் பார்ப்பது? நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பிளக்கில் கை வைக்காதீர்கள், காயிலில் கை வைக்காதீர்கள், பெட்ரோல் பம்ப்பில் கை வைக்காதீர்கள். முதலில் காற்றைப் பாருங்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடிய என்ஜின் அது. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது காற்று வரும் வழி மட்டும்தான்.

பெட்ரோல் என்ஜினுக்குக் காற்று எவ்வளவு தேவை? எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த எண் கொஞ்சம் குறையும். எடையில் சொன்னால் மனதில் நிற்காது, கொள்ளளவில் சொல்கிறேன். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க, நம் ஊர் வெப்பத்தில், ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. நாம் பணம் கொடுத்து வாங்குவது பெட்ரோலை. என்ஜின் விழுங்குவதில் பெரும்பங்கு காற்று. அந்தக் காற்றை அளப்பதில் சிறு பிசகு வந்தாலும் எல்லாமே பிசகும்.

யார் அளக்கிறார்கள்? என்ஜின் கம்ப்யூட்டர் என்று நாம் சொல்கிற ஈ.சி.யு. அது அளக்கும் முறைகள் முக்கியமாக இரண்டு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வேலையில் இறங்குவதால்தான் பாதிப் பட்டறைகளில் நேரம் வீணாகிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானித்துச் செல்வோம்.

முதல் முறை, மேஃப் சென்சார். ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் குழாயில் உட்கார்ந்திருக்கும். உள்ளே மெல்லிய கம்பி அல்லது படலம் ஒன்று மின்சாரத்தால் சூடாக இருக்கும். சூடான டீயை ஊதினால் ஆறுகிறதல்லவா, அதேபோல் ஓடும் காற்று அந்தக் கம்பியை ஆற்றும். ஆறவிடாமல் அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு, இத்தனை கிராம் காற்று போகிறது என்று ஈ.சி.யு. முடிவு செய்கிறது. இரண்டாவது முறை, மேப் சென்சார். இது த்ராட்டிலுக்கு அப்பால் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை அளக்கிறது. அந்த அழுத்தம், காற்றின் வெப்பம், என்ஜின் சுற்றும் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் காற்றின் அளவைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அழுத்தத்தை அளக்கும் முறைதான் மூத்தது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அப்படித்தான் வந்தது. சூடான கம்பி முறை 1980களின் தொடக்கத்தில் வோல்வோ கார்களில் வந்தது. அதற்கு முன்பே, 1976இல், புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் வைத்து, எரிந்தது சரியாக எரிந்ததா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கத்தையும் வோல்வோதான் தொடங்கி வைத்தது.

இன்று நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் மேஃப் கிடையாது, மேப் மட்டும்தான். எனவே பானெட்டைத் திறந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டி காற்றை எதனால் அளக்கிறது? குழாயில் நான்கைந்து ஒயர் போகும் சென்சார் இருக்கிறதா? இருந்தால் ஒரு வழி. இல்லாவிட்டால் வேறு வழி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

இப்போது ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். மேஃப் வைத்த பெட்ரோல் கார். வண்டிக்காரர் இளைஞர், புது வேலைக்குப் போனவர், ஆசைப்பட்டு இன்டேக் கிட் வாங்கி மாட்டியிருக்கிறார். நெடுஞ்சாலையில் வண்டி நன்றாக ஓடியது. ஊருக்குள் வந்து சிக்னலில் காலை எடுத்தால் ஆர்.பி.எம். விழுந்து ஏறி, விழுந்து ஏறி, கடைசியில் நின்றுவிடும். ஒரு பட்டறையில் பிளக் மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் இக்னிஷன் காயில் மாற்றினார்கள். த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார்கள். பெட்ரோல் பம்ப்பும் மாற்றியாயிற்று. கிட் வாங்கிய பணத்தைப் போல இரண்டு மடங்கு செலவான பிறகும் வண்டி சிக்னலில் நின்றுகொண்டுதான் இருந்தது.

கடைசியாகப் போன இடத்தில் ஒரு மூத்த மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். கோட் பி 0171, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். எல்லோரும் இந்தக் கோடைப் பார்த்துத்தான் பம்ப்பை மாற்றினார்கள். இவர் கோடோடு நிற்கவில்லை, ஃபியூவல் ட்ரிம் என்ற எண்ணைத் திறந்தார். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, ஈ.சி.யு. தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ஆரோக்கியமான வண்டியில் பூஜ்யத்துக்கு அருகே, கூடுதலோ குறைவோ 5 சதவீதத்துக்குள் நிற்கும், 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். பல வண்டிகளில் 25ஐ நெருங்கினால் விளக்கு எரியும். இந்த வண்டியில் ஐடிலில் கூட்டல் 24. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தியதும் கூட்டல் 5க்கு இறங்கியது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள், தோழர்களே! பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் என்ஜின் அதிகம் கேட்கும்போதல்லவா குறை பெரிதாக வேண்டும்? இங்கே நேர்மாறாக, என்ஜின் கொஞ்சமாகக் கேட்கும்போது குறை பெரிதாக இருக்கிறது. மேஃபைத் தாண்டி, அளக்கப்படாமல், ஏதோ ஒரு ஓட்டை வழியாகக் காற்று நுழைகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகம் கூடினால் மொத்தக் காற்று பெருகுகிறது, திருட்டுக் காற்றின் பங்கு சுருங்கிவிடுகிறது. ஐடிலில் உயர்ந்து, வேகத்தில் இறங்கினால், லீக்! இதைப் பட்டறைச் சுவரில் எழுதியே வைக்கலாம்.

ஓட்டை எங்கே இருந்தது? டேப்பட் கவரிலிருந்து பழைய குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸ் ஒன்று உண்டு. விரல் பருமன் கறுப்பு ரப்பர். கிட்டோடு வந்த அலுமினியக் குழாயிலும் அதற்கென்று ஒரு மூக்கு இருந்தது. ஆனால் அந்த மூக்கு பழையதைவிட ஒல்லி. ஹோஸைச் சொருகியிருந்தார்கள், கிளாம்ப் போடவில்லை. என்ஜின் அதிர்வில் அது நழுவிக் குழாயின் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். தொங்கிய ஹோஸ் வழியாக வெளிக்காற்று கிராங்க் கேசுக்குள் போய், பி.சி.வி. வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மூக்குத் துளை வழியாகவும் வடிகட்டாத காற்று. சரியான அளவில் ஒரு ரப்பர் ரெடியூசர், இரண்டு கிளாம்ப். வேலை முடிந்தது. ட்ரிம் எண் சாலையில் ஓட ஓட இறங்கிக் கூட்டல் 3க்கு வந்து நின்றது. பம்ப்பும் காயிலும் பிளக்கும் குற்றமற்றவை. அவற்றுக்குச் செலவான பணம் திரும்பி வராது.

எல்லா வண்டியிலும் பிரீதர் ஹோஸ்தான் குற்றவாளியா? கிடையாது. ட்ரிம் எண் வேறு மாதிரி விழுந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஐடிலிலும் கூட்டல் 20, வேகத்திலும் கூட்டல் 20 என்று எங்கும் ஒரே மாதிரி உயர்ந்து நின்றால், லீக்கை விடுங்கள், குழாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள்.

ஏன்? மேஃப் சென்சார் பார்ப்பது குழாயின் ஒரு புள்ளியில் ஓடும் காற்றை மட்டும்தான். குழாய் முழுவதிலும் ஓடும் காற்று எவ்வளவு என்பது, கம்பெனி அந்தக் குழாயின் அளவுக்கு ஏற்ப ஈ.சி.யு.வில் எழுதிவைத்த அட்டவணையில் இருக்கிறது. பழைய குழாய் 60 மில்லிமீட்டர், புதுக் குழாய் 70 மில்லிமீட்டர் என்று வையுங்கள். வித்தியாசம் வெறும் 10 மில்லிமீட்டர். ஆனால் குறுக்குப் பரப்பு 36 சதவீதம் கூடிவிடுகிறது! அதே அளவு காற்று அகலமான குழாயில் மெதுவாக நடக்கும். சென்சார் அருகே வேகம் கால் பங்குக்கு மேல் குறையும். காற்று குறைந்துவிட்டது என்று ஈ.சி.யு. நம்பும், பெட்ரோலைக் குறைக்கும். சென்சார் பொய் சொல்லவில்லை, அது உட்கார்ந்த இடம்தான் மாறிவிட்டது. பெரிய குழாய் என்றால் அதிகப் பவர் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கும் நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சென்சார் உட்காரும் பகுதி மட்டுமாவது பழைய குழாயின் விட்டத்திலேயே இருக்க வேண்டும். இல்லையேல் ஈ.சி.யு.வின் அட்டவணையை, விவரம் தெரிந்தவரைக் கொண்டு, மாற்றி எழுத வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

சென்சாருக்கு முன்னால் குழாய் சட்டென்று வளைந்தாலும் கோளாறு வரும். பழைய பாக்ஸில் சென்சாருக்கு முன்னால் தேன்கூட்டு வலை ஒன்றைப் பல கம்பெனிகள் வைத்திருக்கும், காற்று சுழலாமல் நேராக வருவதற்காக. கிட்டில் அது இருக்காது. விளைவு, எண் நிலையாக நிற்காமல் ஆடும், அதோடு ஐடிலும் ஆடும். சென்சாரைத் திருப்பி மாட்டிவிட்டால் அளவே தலைகீழாகும். அதன் உடம்பில் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது, பார்த்து மாட்டுங்கள்.

அடுத்து எண்ணெய். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் துணி ஃபில்டருக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்பது உண்மை. எவ்வளவு? ஈரம் தெரிந்தால் போதும். நம் ஆட்கள் சொட்டச் சொட்ட ஊற்றுகிறார்கள். அந்த எண்ணெய் காற்றோடு போய்ச் சூடான கம்பியில் படிகிறது, தூசு அதன்மேல் ஒட்டுகிறது, அளவு கெடுகிறது. இதைச் சுத்தம் செய்ய மேஃப் கிளீனர் என்று தனி ஸ்ப்ரே கிடைக்கிறது. கார்புரேட்டர் கிளீனரை அடிக்கக் கூடாது. பிரஷ்ஷால், துணியால், விரலால் தொடவே கூடாது. தலைமுடியைவிட நுணுக்கமான வேலைப்பாடு அது. ஸ்ப்ரே அடித்து, தானாக முழுக்கக் காயவிட்டு, பிறகு மாட்டுங்கள்.

மேஃப் இல்லாத, மேப் மட்டும் உள்ள வண்டிக்கு வருவோம். இதில் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் கணக்கு கெடாது, ஏனென்றால் அங்கே யாரும் அளக்கவில்லை. ஆனால் தூசு போகும், அது வேறு ஆபத்து. இந்த வண்டிகளில் பார்க்க வேண்டியது காற்றின் வெப்பத்தை அளக்கும் ஐ.ஏ.டி. சென்சாரை. பழைய பாக்ஸில் சொருகியிருந்த அதைப் புதுக் கிட்டில் வைக்க இடமில்லாமல் ஒயரோடு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் தொங்கினால் உண்மையைவிட அதிகச் சூட்டைச் சொல்லும். காற்று மெலிந்திருக்கிறது என்று நம்பி ஈ.சி.யு. பெட்ரோலைக் குறைக்கும், வண்டி திணறும். கனெக்டரையே கழற்றிப் போட்டிருந்தால் பி 0113 கோட் வரும். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும் வண்டிகளும் உண்டு. கோவையில் எந்த மார்கழியிலும் வராத குளிர் அது. அந்த எண்ணைக் கண்டால் ஒயரைத் தேடுங்கள்.

இத்தனையும் சரியாக இருக்கிறது, கோட் இல்லை, ட்ரிம் பூஜ்யத்தில் நிற்கிறது. ஆனாலும், "பிக்கப் இல்லீங்க" என்கிறார் வண்டிக்காரர். அவர் சொல்வது உண்மைதான். மூடி இல்லாத கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டையும் என்ஜின் சூட்டையும் சேர்த்து இழுக்கிறது. அவிநாசி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து போகும்போது வெளியே 30 டிகிரி என்றால் பானெட்டுக்குள் 60 டிகிரி சாதாரணம். 30லிருந்து 60க்குப் போனால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. காற்று 9 சதவீதம் குறைந்தால் பவரும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். போதாததற்கு, சூடான காற்றில் நாக்கிங் வரக்கூடாது என்று ஈ.சி.யு. டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளும். நீங்கள் பழசு என்று கழற்றிப் போட்ட பாக்ஸ், முன் கிரில் பக்கத்திலிருந்து மூக்கு நீட்டிக் குளிர்ந்த காற்றை எடுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த வெற்று டப்பாவைச் சும்மா வைக்கவில்லை. சத்தத்தை அடக்கவும், காற்றின் அலைகளைச் சீராக்கவும் வைத்த ரெசொனேட்டர் அது. அதை எடுத்தால் சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது நம்பும். காதை நம்பாதீர்கள். ஒரே சாலையில், ஒரே கியரில், 40லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை வினாடி என்று பழைய பாக்ஸோடும் புதுக் கிட்டோடும் தலா ஒரு முறை பாருங்கள். ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிக்கு இன்டேக் மாற்றுபவர்கள் அதோடு கேமும் எக்ஸாஸ்டும் ஈ.சி.யு.வும் மாற்றுகிறார்கள். நம் சாலை வண்டியில் இன்டேக்கை மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம். இது என் உறுதியான கருத்து.

ஒரு வார்த்தை தூசு பற்றி. நம் வறண்ட மண்ணில் பறக்கும் தூசில் குவார்ட்ஸ் துகள்கள் நிறைய. கடினத்தன்மையில் குவார்ட்ஸ் இரும்பை வெல்லும். சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் ரிங்கிலும் கோடு போட்டுவிடும். ஃபில்டரைத் தாண்டி உள்ளே தூசு போகிறதா என்று அறிய ஸ்கேனர் வேண்டாம். ஃபில்டருக்கு அப்பால் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். துணியில் மண் நிறம் வந்தால் அந்த ஃபில்டர் அந்த வண்டிக்கு வேண்டாம்.

நண்பர்களே, இத்தனை சோதனைகளுக்கும் தாயான ஒரு சோதனை இருக்கிறது. செலவில்லாதது. பழைய பாக்ஸை எடுத்துவந்து, பழையபடி மாட்டி, வண்டியை ஓட்டிப் பாருங்கள். பழைய ட்ரிம் அழிந்து புதுசு பதிய ஸ்கேனரில் ரீசெட் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். கோளாறு போய்விட்டதா? குற்றம் கிட்டில், அல்லது மாட்டியதில். கோளாறு போகவில்லையா? மாட்டும்போது எதையோ அசைத்திருக்கிறார்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் ஹோஸ் நழுவியிருக்கலாம், காயில் கனெக்டர் கிளிப் உடைந்திருக்கலாம், த்ராட்டில் பாடிக்குள் ஒரு நட்டு விழுந்திருக்கலாம். இல்லையென்றால் இன்டேக்குக்குச் சம்பந்தமே இல்லாத வேறு கோளாறு தற்செயலாக இதே சமயத்தில் வந்திருக்கலாம். அரை மணி நேர வேலையில் பாதித் தேடல் முடிந்துவிடுகிறது! ஆனால் இந்தச் சோதனையைச் செய்யப் பாக்ஸ் வேண்டுமே? அதைத்தான் கிட் மாட்டிய அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறோம். ஆகவே மெக்கானிக் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிட் மாட்டும் அன்று பழைய பாக்ஸ், அதன் கிளாம்ப்கள், ஸ்க்ரூ, ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, வண்டி எண்ணை எழுதி, வண்டிக்காரர் கையில் கொடுத்து அனுப்புங்கள். வண்டிக்கார நண்பர்களே, அவர்கள் தராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

முடிக்கும் முன் ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. குளிர்ந்த காற்று வேண்டும் என்று சிலர் ஃபில்டரைக் கீழே, பம்பருக்குப் பின்னால், ஃபாக் லேம்ப் உயரத்தில் வைக்கிறார்கள். வெயில் காலத்தில் அது நல்ல யோசனைதான். மழைக்காலத்தில்? 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. கம்ப்ரஷன் ரேஷியோ 11 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 30 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது, ஏனென்றால் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும், பிளாக் உடையவும் கூடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களை நாம் மறக்கவில்லை. தாழ்வாகத் தொங்கும் ஃபில்டருக்கு அவ்வளவு வெள்ளம்கூடத் தேவையில்லை, ரயில்வே பாலத்தடியில் தேங்கும் முழங்கால் தண்ணீர் போதும்.

அப்படித் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். தள்ளிக் கரையேற்றுங்கள், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். உங்கள் வண்டியில் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால் தாழ்வாகத் தொங்குகிறதா என்று இன்று வீட்டுக்குப் போனதும் குனிந்து பாருங்கள். தொங்கினால், முதல் மழைக்கு முன்பே பழைய பாக்ஸை மாட்டிவிடுங்கள்.